ஸ்கீட்டுக்கு 28 கேஜா, 20 கேஜா? இலேசான துப்பாக்கியில் குறுக்கே போகும் கிளே எல்லாம் தப்புகிறது

கேள்வி:

வணக்கம். டெக்சாஸில் சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறேன். வார இறுதிகளில் ஸ்கீட் சுடுவேன், அதாவது இரண்டு பக்கமிருந்தும் இயந்திரம் வீசும் கிளே எனும் தட்டுகளை, வெவ்வேறு நிலைகளில் நின்று பறக்கும்போதே சுட்டு உடைக்கும் விளையாட்டு. கையில் இருப்பது 12 கேஜ் (கேஜ் எண் கூடக் கூடக் குழலின் துளை சின்னதாகும்), மேலும் கீழுமாக இரட்டைக்குழல். நான்கு ரவுண்டு, அதாவது 100 கிளே முடிவதற்குள் தோள்பட்டை கன்றிப்போகிறது. உதை குறையட்டும் என்று சின்னத் துளையில் புதிதாக ஒன்று வாங்கப் பார்க்கிறேன். மனைவிக்கும் கற்றுக்கொள்ள ஆசை.

கடையில் ஒரு 28 கேஜ் காட்டினார்கள். 26 அங்குலக் குழல், எடை ஆறு பவுண்டுக்கும் குறைவு, கையில் பூ மாதிரி இருக்கிறது. அதே மாடல் நண்பரிடம் இருந்ததால் வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். 1, 7-ஆம் நிலைகளில் குறையில்லை. 3, 4, 5-இல் குறுக்கே போகும் கிளேக்களில் ஒன்றுகூட உடையவில்லை. எல்லாக் குண்டும் கிளேக்குப் பின்னால் போகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். 28-இல் குண்டு குறைவு என்பதாலா? பேசாமல் 20-க்கே போய்விடவா?

பதில் 1:

குண்டு எண்ணிக்கை காரணம் இல்லை நண்பரே. 9-ஆம் நம்பர் அளவுச் சிறு குண்டில், உங்கள் 12 கேஜின் ஒன்றே அரைக்கால் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 660 வரும். 28-இன் முக்கால் அவுன்ஸுக்கு 440. ஸ்கீட்டில் 1 முதல் 7 வரை எந்த நிலையில் நின்றாலும் கிளேக்கள் குறுக்கிடும் புள்ளி 21 கஜத்தில்தான். அந்தத் தூரத்துக்கு ஸ்கீட் சோக்கில் (குண்டை அகலமாகப் பரவவிடும் குழல்முனையில்) 440 தாராளம். இங்கே 28-க்கும் அதைவிடச் சின்னத் துளையில் அரை அவுன்ஸ் போடும் .410-க்கும் தனித்தனிப் போட்டியே நடக்கிறது, அதிலும் முழு 100 எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோளாறு எடையில். 4-ஆம் நிலையில் கிளேக்கு மூன்று நான்கு அடி முன்னால் குழல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பக்கம் இலேசாக இருந்தால் சட்டென்று கிளம்பும், விசையை இழுக்கும் நொடியில் சட்டென்று நின்றும்விடும். நின்றால் குண்டு பின்னால்தான் போகும். ஆறு பவுண்டுத் துப்பாக்கி காடை வேட்டைக்கு நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகச் செய்தது. கிளேக்கு 30 அங்குலக் குழல், ஏழரை பவுண்டுக்குக் குறையாத எடை என்று தேடுங்கள். 20 கேஜ் துப்பாக்கியின் உடற்பகுதியில் பூட்டிய 28 கேஜ் குழல் கிடைத்தால் இன்னும் நல்லது: துளை சின்னது, வெளிச்சுற்று அதேதான், அதனால் குழலில் கனம் கூடும். பிரௌனிங் சிட்டோரி சிஎக்ஸ்எஸ்-இல் 20, 28 இரண்டு குழலும் சேர்ந்த ஜோடி வந்திருக்கிறது. தோளில் வைக்கும் கட்டையும் விசையும் ஒன்றே என்பதால் கை பழகிவிடும். நானாக இருந்தால் அதைத்தான் தேடுவேன்.

பதில் 2:

உதைக்கும் இதே கணக்குதான். குண்டின் எடையும் வேகமும் கூடினால் உதை கூடும், துப்பாக்கி கனத்தால் குறையும். இலேசான 20 கேஜில் ஒரு அவுன்ஸ் தோட்டா போட்டால் உங்கள் 12-ஐவிட மோசமாக உதைக்கும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் இப்போதுள்ள 12-இலேயே 24 கிராம் தோட்டா (உள்ளே இருக்கும் குண்டின் எடை அது) போட்டுப் பாருங்கள். ஒலிம்பிக் ஸ்கீட்டிலேயே அதுதான் உச்சவரம்பு. தோள் வலி பாதி அதிலேயே போகலாம்.

தோட்டாச் செலவையும் யோசியுங்கள். ஈயம் குறைவாக இருந்தாலும் 28 கேஜ் பெட்டி 12-ஐவிட விலை அதிகம், ஏனென்றால் தயாரிப்பு குறைவு. அதனால்தான் 28 சுடுபவர்கள் பலர் காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வீட்டில் மறுபடி நிரப்புகிறார்கள்.

அப்புறம் ஒன்று, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 20 கேஜ் வாங்கினால் 12 கேஜ் தோட்டாவோடு ஒரே பையில் போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12-இல் தோட்டா போடும் அறைக்குள் வழுக்கிப் போய்க் குழலில் சிக்கிக்கொள்ளும். பார்த்தால் அறை காலியாகத் தெரியும். பின்னாலேயே 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், இடது கை போய்விடும். 20-க்கு மஞ்சள் நிறம் வைத்திருப்பது இதற்காகத்தான். தனிப் பை, தனிப் பெட்டி.

கேட்டவர்:

நன்றி அண்ணா. 24 கிராம் தோட்டா இந்த வாரமே வாங்குகிறேன். ஒரு சந்தேகம்: எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது, மனைவி எச்1பி-யில் இருக்கிறார். ரேஞ்சில் என் துப்பாக்கியை அவர் சுடலாமா?

பதில் 2:

சும்மா கையில் கொடுத்துவிடாதீர்கள். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் கொஞ்ச நேரம் வாங்கிச் சுடுவதும் அதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸ் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-உடன் காலாவதியாகும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் விசா நிலையில் வேறு சிக்கல் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பதில் 1:

உரிமம் வந்ததும் அவரையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அளவுக் கட்டை அவருக்கு நீளமாக இருந்தால் கன்னம் சரியாகப் படியாது, தோளும் வலிக்கும். கட்டையின் நீளத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்த மாடல்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடித் தோளில் ஏற்றிவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். குழலின் மேல்பட்டை நேராகத் தெரிந்தால் சரி, பின்பக்க இரும்பு மட்டும் தெரிந்தால் கன்னம் தாழ்ந்திருக்கிறது. அந்தத் துப்பாக்கி வேண்டாம், அடுத்ததை எடுங்கள்.