8க்கு 11 அடி அறையில் ஏர் ரைபிள் ஸ்டாக் வேலைக்குப் பட்டறை: எவ்வளவு இடம், எந்த மெஷின்? உதவி தேவை

வண்ணை மரவேலை:

எல்லோருக்கும் வணக்கம். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். மகளுக்கு 14 வயது, ஒரு வருடமாக கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி எடுக்கிறாள். அவளுக்காக செகண்ட் ஹேண்டில் அழுத்தக் காற்று சிலிண்டரில் ஓடும் ஒரு ரைபிள் வாங்கினோம். ரைபிள் நன்றாக இருக்கிறது, ஆனால் மர ஸ்டாக், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை, பெரிய ஆளுக்குச் செய்தது. டிரிக்கரிலிருந்து தோள்தட்டு வரை 34 செ.மீ., அவளுக்கு 30 போதும். கன்னத்தை வைக்கக் கழுத்தை நீட்டுகிறாள், பத்து ஷாட் முடிந்ததும் தோள் வலிக்கிறது என்கிறாள். 10 மீட்டரில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையம் என்பது 0.5 மி.மீ. புள்ளிதான், இப்படி நின்று அதை எப்படிப் பிடிப்பாள் என்று பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. பழைய ஸ்டாக்கை வெட்ட மனசில்லை. அளவுக்குப் புதிதாகச் செய்யலாம் என்று முடிவு.

தரைத்தளத்தில் பின்பக்கம் 8க்கு 11 அடி அறை ஒன்று காலியாக இருக்கிறது. கதவு 8 அடிச் சுவரின் நடுவில், சந்துப் பக்கம் பார்த்தபடி. ஒரு ஜன்னல். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்த அறையில் ஒன்றரை அடி தண்ணீர் நின்றது. இன்னொரு தொல்லை துரு. போன மாதம் வாங்கிய ஸ்டீல் ஸ்கேல் இப்போதே சிவந்துவிட்டது.

பட்ஜெட் 80,000 ரூபாய். மினி லேத், பேண்ட் சா, பெஞ்ச் டிரில், கிரைண்டர் எல்லாம் வாங்கலாம் என்று பட்டியல் போட்டேன். பேப்பரில் வரைந்தால் எல்லாமே அடங்குகிறது, ஆனால் நான் நிற்க இடம் இல்லை. எதை விடுவது?

பெரம்பூர் ஃபிட்டர்:

தம்பி, நான் கோச் ஃபேக்டரியில் முப்பது வருடம் டூல் ரூமில் இருந்தவன். நீங்கள் மெஷினுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள், வேலைக்கு ஒதுக்கவில்லை. டிரில் மெஷின் தரையில் ஒரு அடிக்கு ஒன்றரை அடிதான் அடைக்கும், சரி. ஆனால் 80 செ.மீ. மரக்கட்டையின் இந்த முனையில் ஒரு துளை, அந்த முனையில் ஒரு துளை போட வேண்டுமென்றால் துரப்பணத்துக்கு இடப்பக்கம் 80, வலப்பக்கம் 80 காலியாக வேண்டும். அதாவது ஐந்தேகால் அடிச் சுவர் அந்த ஒரு மெஷினுக்கே போய்விட்டது. அதைக் கொண்டுபோய் மூலையில் வைப்பவர்கள்தான் அதிகம், அப்புறம் ஒவ்வொரு முறையும் மெஷினைத் தூக்கித் திருப்புவார்கள்.

முதலில் பெஞ்ச், அதில் ஒரு நல்ல வைஸ். மற்றதெல்லாம் பிறகு. 6 அடி நீளம், 2 அடி அகலம், காலுக்கு கனமான மரம், சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். அரம் ராவும்போது பெஞ்ச் ஆடினால் உங்கள் கையில் இருக்கும் அளவு மரத்தில் வராது. வைஸ் 4 அல்லது 5 அங்குலம், பெஞ்சின் இடது முனையில், மரம் முனையைத் தாண்டித் தொங்கும்படி. உயரம்: நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள், வைஸின் வாய் அந்த உயரத்துக்கு வர வேண்டும். வாயில் பழைய தோல் பெல்ட்டை வெட்டி ஒட்டிவிடுங்கள், மரத்தில் பல் பதியாது.

பேண்ட் சா வேண்டாம். ஒரு ஸ்டாக்கோ இரண்டு ஸ்டாக்கோதான் செய்யப்போகிறீர்கள். அட்டையில் வடிவம் வெட்டிக்கொண்டு மர வாடிக்குப் போனால் கோட்டுக்கு வெளியே கால் அங்குலம் விட்டு அறுத்துக் கொடுப்பார்கள்.

வண்ணை மரவேலை:

ரொம்ப நன்றி சார், இந்த 80 + 80 கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. லேத் பற்றிச் சொல்லுங்கள். ஸ்டாக்குக்குள் அலுமினியத் தூண் வைத்து அதன் வழியாக ரைபிளைப் பிடிக்கும் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும் என்று படித்தேன், அதைக் கடைய லேத் வேண்டாமா?

பெரம்பூர் ஃபிட்டர்:

இரண்டு தூணுக்கு லேத்தா? பட்ஜெட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். மரம் இறுக்கத்தில் அமுங்கும், மழைக்காலத்தில் உப்பும், அதனால் தூண் வேண்டும் என்பது சரிதான். ஆனால் அது நடுவில் துளையிட்ட ஒரு குட்டி உருளை, M6 ஸ்க்ரூவுக்கு 6.5 மி.மீ. துளை போதும். அளவோடு ஒரு படம் வரைந்து உங்கள் பக்கத்து லேத் பட்டறையில் கொடுங்கள், டீ குடித்து முடிப்பதற்குள் கடைந்துவிடுவார்கள். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

அரால்டைட் பசை வைத்து அதைப் பதிக்கும்போது, பசை படக்கூடிய ரைபிள் உலோகத்தில் எல்லா இடத்திலும் ஷூ பாலிஷை இரண்டு தடவை தேய்த்துக் காயவிடுங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ரைபிளும் மரமும் ஒட்டிக்கொண்டு பிரியாது. ஸ்க்ரூ மரையிலும் தடவ மறக்காதீர்கள்.

பின்னால் ஆசை விடவில்லை என்றால் லேத் வாங்குங்கள். 350 மி.மீ. நீளம் வரை பிடித்துக் கடையக்கூடிய மினி லேத் 40 கிலோ சுமார் வரும், சிங்கிள் ஃபேஸில் ஓடும். அதற்கு வலப்பக்கம் 4 அடி பெஞ்சை இப்போதே காலியாக விட்டுவையுங்கள்.

திருவொற்றியூர் டர்னர்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், இதைச் சொல்லாமல் விட முடியாது. லேத் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் வேலை மரத்தோடு நிற்க வேண்டும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாமே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு சிறை. உங்களுடையது 4.5 மி.மீ. ரைபிள், குண்டின் சக்தி உரிமத்துக்கான வரம்பான 20 ஜூலுக்கு உள்ளேதான் இருக்கும். அரை கிராம் குண்டு நொடிக்கு 175 மீட்டர் போனால் 8 ஜூல் அளவுதான் வரும். 2016 ஆயுத விதிகளின்படி அதை வைத்திருக்க உரிமம் தேவையில்லை. ஆனால் குழலையோ வால்வையோ தொட்டு சக்தியைக் கூட்டும் வேலையை உங்கள் பெஞ்சில் யார் கேட்டாலும் செய்யாதீர்கள், "சும்மா பார்த்துக் கொடுங்கண்ணே" என்று வேறு துப்பாக்கியை யார் கொண்டுவந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தம். வேலைக்கு எடுக்கும் முன் குண்டு இல்லை என்று பார்த்து, சிலிண்டரைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். வழக்கமாக அதன் ஆயுள் 10 ஆண்டு, தயாரித்த தேதி அதன் மேலேயே இருக்கும். செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், இன்றைக்கே பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் நிரப்பவே வேண்டாம்.

காசிமேடு ராஜி:

துருவுக்கு நான் சொல்கிறேன் அண்ணா, கடலுக்கு இன்னும் பக்கத்தில் தையல் மெஷின் பட்டறை வைத்திருக்கிறேன். காற்றில் உப்பு, கையில் வியர்வை, இரண்டும் சேர்ந்தால் ஒரே ராத்திரி போதும். கதவு உள்ள ஒரு இரும்பு அலமாரி வாங்கி அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். எல்இடி வேண்டாம், சூடு வராது. உள்ளே காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தால் ஈரம் இரும்பில் படியாது. பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு இருக்கட்டும், துணியோ மரமோ எண்ணெயோ அந்தத் தட்டில் வேண்டாம். அளவு கருவிகள் எல்லாம் மேல்தட்டில். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை, மறுநாள் துடைக்கலாம் என்று விட்டால் போச்சு.

தண்ணீர் ஒன்றரை அடி வந்தது என்றால் பிளக் பாயின்ட் எல்லாம் மூன்றரை அடிக்கு மேலே இருக்கட்டும். 16 ஆம்பியர் பாயின்ட் இரண்டு, மின்கசிவு வந்தால் கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. தரையில் மோட்டார் எதையும் வைக்காதீர்கள்.

ஸ்டாக்குக்கு ஆளி விதை எண்ணெய் பூசுவீர்கள்தானே? அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடாகித் தானாகப் பற்றிக்கொள்ளும், நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஒன்றொன்றாக விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள். கிரைண்டரை மரத்தூள் இருக்கும் பக்கம் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

வண்ணை மரவேலை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் சிலிண்டர்: தேதி தாண்டி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. விற்றவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, அவள் முகத்துக்கு முன்னால் அதுதான் இருந்தது. காற்றை இறக்கி ஓரம் கட்டிவிட்டோம், புதிதுக்குச் சொல்லியாயிற்று, வரும்வரை கிளப் ரைபிளில் சுடுகிறாள். டர்னர் அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அறையில் சாக்பீஸால் எல்லாவற்றையும் முழு அளவில் தரையில் வரைந்தேன். 80 செ.மீ. ரீப்பர் ஒன்றை எடுத்து ஒவ்வொரு மெஷின் இடத்திலும் நின்று நான் சுற்ற, மகள் எங்கே இடிக்கிறது என்று குறித்தாள். டிரில், பெஞ்சுக்கு எதிர்ச் சுவரின் நடுவுக்குப் போனது. கிரைண்டர் கதவோரம், வேலைக்கு மட்டும் எடுத்து வைப்பேன். லேத், பேண்ட் சா இரண்டும் பட்டியலில் இல்லை. பெஞ்சுக்கும் டிரில்லுக்கும் நடுவே நாலரை அடி கிடைக்கிறது, இரண்டு பேர் இடிக்காமல் நிற்கலாம்.

மரத்துக்கு, இடித்த வீட்டு உத்தரத்துத் தேக்கு ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. இழைப்புளி போட்டதும் அறை முழுக்க அந்த எண்ணெய் வாசம். ஒரு முனையில் பழைய ஆணித் துளைகள் மூன்று, சுற்றிலும் கறுத்திருக்கிறது. துளை தோள்தட்டுப் பக்கம் வரும்படி வெட்டினால் 5 மி.மீ. தகடுகள் வைக்கும் இடத்தில் அது போய்விடும், அவள் வளர வளர ஒவ்வொரு தகடாகச் சேர்க்கலாம் என்று எண்ணம். ஆனால் அப்படித் திருப்பினால் பிடியிருக்கும் கழுத்துப் பகுதியில் நார் குறுக்காக ஓடுகிறது. ஃபிட்டர் சார், கழுத்து பிளந்துவிடுமா, இல்லை வேறு துண்டு பார்க்கட்டுமா?

பெரம்பூர் ஃபிட்டர்:

வேறு துண்டு பாருங்கள் தம்பி. நார் கழுத்து வழியாக நீளவாக்கில்தான் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் ஒருமுறை கீழே விழுந்தாலே போதும், அங்கேதான் உடையும். இந்தத் துண்டை வீணாக்காதீர்கள், கன்னம் வைக்கும் கன்னக்கட்டைக்கு அருமையாக வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அந்தப் பக்கம் வருகிறேன், மர வாடிக்குச் சேர்ந்தே போகலாம். பாப்பாவையும் அழைத்து வாருங்கள், கை அளவு எடுக்க வேண்டும்.