கனெடிகட் கல் நிலம்: காட்டில் ஒரு பகுதியைக் காய்கறித் தோட்டமாக்கலாமா?

வடகரையான் கேட்டது:

கிழக்குக் கனெடிகட்டில் ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலத்துடன் ஒரு வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டைச் சுற்றியுள்ள சிறு புல்வெளி போக மற்றதெல்லாம் ஓக், மேப்பிள், வெள்ளைப் பைன், ஹெம்லாக் மரங்கள் நிற்கும் காடு. அமெரிக்க வேளாண் துறையின் இணைய மண் வரைபடம் இந்த இடத்தை "கான்டன் மற்றும் சார்ல்ட்டன் மண், 3 முதல் 15 விழுக்காடு சரிவு, மிக அதிகக் கல்" என்று குறிக்கிறது. மண்வெட்டி ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. கடப்பாரை போட்டு நெம்பினால் ஒவ்வொரு முறையும் ஒரு கல் புரளுகிறது. ஆனால் எவ்வளவு மழை கொட்டினாலும் மறுநாள் எங்கும் நீர் தேங்கி நிற்பதில்லை. சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள வயலில் கல் குறைவு, மண்ணும் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஏப்ரல் முடியும்வரை சொதசொதவென்றே கிடக்கிறது. ஒரே குன்றில் இந்த வேறுபாடு ஏன்? கல்லைப் பொறுக்கிவிட்டால் இங்கே காய்கறி வருமா?

பாறைமடி எழுதியது:

முதலில் வரைபடச் சொல்லுக்கு விளக்கம். "மிக அதிகக் கல்" என்றால், நிலப்பரப்பில் 3 முதல் 15 விழுக்காட்டை 25 செ.மீ.க்கு மேற்பட்ட கற்கள் மூடியிருக்கின்றன என்று பொருள். சரிவின் எண்ணும் அதே 3–15 ஆக இருப்பது தற்செயல். இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கனடாவிலிருந்து தெற்கே பரவி லாங் ஐலண்டு வரை வந்த லாரன்டைடு பனிவிரிப்பு, சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் அந்த எல்லையில் நின்றது. வரும் வழியெல்லாம் கிரானைட், நைஸ், ஷிஸ்ட் பாறைகளைப் பெயர்த்து, அரைத்து, சுமந்து வந்தது. ஆறு தான் கொண்டுவரும் சுமையைச் சலித்து, கனமானதை ஓரிடத்திலும் நுண்மையானதை வேறோரிடத்திலும் படியவைக்கும். பனிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாவு போன்ற வண்டலையும் மணலையும் சரளையையும் ஆளுயரப் பாறையையும் ஒன்றாகவே போட்டுவிட்டுப் போய்விடும். இந்தக் கலப்படிவைத்தான் 'டில்' என்கிறார்கள்.

உங்கள் கேள்விக்கு விடை, அந்த டில் எப்படி இறங்கியது என்பதில் இருக்கிறது. பனி உருகியபோது அதன் மேலும் உள்ளும் இருந்த சுமை தளர்வாகக் கீழிறங்கி, உருகிய நீரில் நுண்துகள்களில் ஒரு பங்கு கழுவப்பட்டுப் போன இடங்களில் சார்ல்ட்டன் போன்ற மண் உருவானது. நகரும் பனியின் அடியில், அதன் முழு எடையும் அழுத்தப் பூசப்பட்ட டில்லில் உருவானது பேக்ஸ்டன் மண்; மாசசூசெட்ஸின் மாநில மண்ணும் அதுவே. அதில் 50 முதல் 100 செ.மீ. ஆழத்துக்குள் வேரும் நீரும் எளிதில் நுழையாத இறுகிய அடுக்கு ஒன்று உண்டு. பனி உருகும் காலத்தில் நீர் அதுவரை இறங்கி, அதற்குக் கீழே போக வழியின்றிப் பக்கவாட்டில் கசியும். எதிர்ப்புற வயல் பேக்ஸ்டனாகவோ, அதைவிட ஈரமான அதன் கூட்டாளியான உட்பிரிட்ஜ் மண்ணாகவோ இருக்கக்கூடும். அதே வரைபடத்தில் பார்த்துவிடலாம்.

நேரில் உறுதி செய்ய, இரண்டு இடத்திலும் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். ஆண்டில் சில வாரங்களாவது நீர் தேங்கும் அடுக்கில், வெளிறிய சாம்பல் நிறத்தின் நடுவே துரு நிறத் திட்டுகள் தெரியும். உங்கள் பக்கக் குழியில் மேலிருந்து அடிவரை அப்படி எதுவும் தென்படாது என்பது என் கணிப்பு. நல்ல வடிகால் என்று மண்ணியலார் சொல்வது இதைத்தான். மழைக்கு மறுநாள் மேற்பரப்பு எப்படி இருக்கிறது என்பது அதற்கு அரைச் சான்றுதான்.

தாழைமடல் எழுதியது:

தோட்டத்தைப் பற்றிக் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். இந்த மண்ணின் வளமெல்லாம் மேலே நாலைந்து விரற்கடைக்குள் இருக்கிறது. சருகும் பாதி மக்கிய இலையும், அதற்குக் கீழே மெல்லிய கரும்பழுப்பு அடுக்கும், அதற்குக் கீழே இரண்டடி வரை மஞ்சள் கலந்த பழுப்பு மண்ணும், பிறகு சாம்பல் பழுப்பு நிறமான மூல டில்லும் வரும். ஹெம்லாக் அடியில் சருகுக்குக் கீழே வெளிறிய சாம்பல் அடுக்கு தெரிந்தால் வியப்படைய வேண்டாம்; அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் அங்கிருந்து கீழே இறக்கியிருக்கிறது. வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மலைக்காடுகளில் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

கற்களால் இரண்டு விளைவுகள் உண்டு. நீர் விரைந்து இறங்குகிறது என்பது நல்லது. ஆனால் கல் நீரைப் பிடித்துவைக்காது. மண்ணின் பருமனில் 30 விழுக்காடு கல் என்றால், ஒரு அடி மண் என்று நீங்கள் நினைப்பது பயிருக்கு முக்கால் அடிக்கும் குறைவே. ஆகஸ்டில் பத்து நாள் மழையில்லாவிட்டால் தக்காளி வாடிவிடும்.

அதைவிடப் பெரிய தடை புளிப்பு. சுண்ணாம்பு இடாத சார்ல்ட்டன் மண்ணில் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 4.5 முதல் 5.5 வரை இருக்கும். காய்கறிகளுக்கு 6க்கு மேல் தேவை. மூலப்பாறை சுண்ணாம்பற்றது, மழையோ ஆண்டுக்கு 120 செ.மீ. அளவில் பெய்து கால்சியத்தைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் அமில மழையும் அதற்குத் துணைபோனது. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்டு புரூக் ஆய்வுக் காட்டில் 1999இல் ஒரு முழு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கே கால்சியம் சிலிக்கேட்டைத் தூவிப் பார்த்தார்கள். அங்கிருந்த சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின. உங்கள் பாத்திக்குச் சாதாரண விவசாயச் சுண்ணாம்பு போதும். மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்து, அவர்கள் சொல்லும் அளவை இலையுதிர் காலத்திலேயே இட்டுவிடுங்கள், ஏனெனில் அது வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும். புளூபெர்ரி வைப்பதானால் சுண்ணாம்பே வேண்டாம்.

வடகரையான்:

இருவருக்கும் மிக்க நன்றி. காட்டின் நடுவே இடிந்த கல்சுவர் ஒன்று ஓடுகிறது. அப்படியானால் இங்கே முன்பு விவசாயம் நடந்ததா? மேலும், பள்ளத்துப் பக்கம் சருகே இல்லாமல் தரை வெறுமையாக இருக்கிறது, நிறைய மண்புழுக்கள் தெரிகின்றன. அதை வளத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அங்கேயே பாத்தி போடலாமா?

குன்றவாணர் எழுதியது:

சுவரை உற்றுப் பாருங்கள். பெருங்கற்கள் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்தின் எல்லை. கைக்கு அடங்கும் சிறுகற்களும் ஏராளமாகக் கொட்டிக் கிடந்தால், உழுத நிலத்திலிருந்து ஆண்டுதோறும் பொறுக்கியவை. பொறுக்கித் தீராததற்குக் காரணம் உறைபனி: கல் மண்ணைவிட விரைவாகக் குளிர்வதால் அதனடியில் பனிக்கட்டி உருவாகி அதை மேலே தூக்குகிறது, உருகும்போது நுண்மண் அந்தக் குழியில் சரிந்துவிடுவதால் கல் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. எனவே இந்த ஆண்டு கல்லைப் பொறுக்கி முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

குழியிலும் சான்று கிடைக்கும். மேலிருந்து ஏழெட்டு அங்குலம் ஒரே சீரான பழுப்பாக இருந்து, அதன் அடிக்கோடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தால் அது ஏர் பட்ட மண். ஏர் படாத காட்டில் அந்தக் கோடு மேடும் பள்ளமுமாக அலையும். மரங்கள் வேரோடு சாய்ந்து சாய்ந்து தரையும் குழியும் குவியலுமாக இருக்கும். 1825இல் ஈரி கால்வாய் திறந்து மேற்குப் பகுதித் தானியம் மலிவாக வரத் தொடங்கிய பின், இந்தக் கல் நிலங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். கைவிட்ட வயலில் முதலில் முளைப்பது வெள்ளைப் பைன்.

மண்புழு விஷயத்தில் கவனம் தேவை. உழவனின் நண்பன் என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த நமக்கு இது ஏற்கக் கடினம்தான், ஆனால் பனி மூடியிருந்த இப்பகுதிகளில் அது விலகியபின் உள்ளூர் மண்புழுவே இருக்கவில்லை. இப்போது இருப்பவை ஐரோப்பியக் குடியேறிகளுடன் வந்த புழுக்களும், அண்மைக்காலத்தில் ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழுக்களும்தான். பல ஆண்டுகள் மெதுவாக மக்க வேண்டிய சருகை அவை விரைவில் தின்று தீர்க்கின்றன. காட்டுச் செடிகளின் விதையும் மரக்கன்றும் முளைக்கும் மெத்தை இல்லாமல் போகிறது. மேல்மண் காப்பி வடித்த சக்கை போல உதிரியாக இருந்தால் அது துள்ளும் புழுவின் வேலை. அங்கிருந்து மண்ணையோ செடியையோ வேறிடத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

பாத்தியைப் பொறுத்தவரை காட்டை வெட்டவே வேண்டாம் என்பேன். புல்வெளியில் வெயில் படும் மூலையில் ஓரடி உயரத்துக்குப் பலகை கட்டி, மக்கிய எருவும் மண்ணும் நிரப்புங்கள்.

பாறைமடி:

பள்ளத்துப் பக்கம் எதையும் தொடுவதற்கு முன் இன்னொன்று. கனெடிகட்டின் 1972 ஆம் ஆண்டுச் சட்டம் ஈரநிலத்தைச் செடிகளை வைத்து அல்ல, மண் வகையை வைத்தே வரையறுக்கிறது. சார்ல்ட்டன் மேட்டின் அடிவாரத்தில் லெஸ்டர், ரிட்ஜ்பரி போன்ற வடிகால் குறைந்த மண் வருவது வழக்கம். மேலே தரை உலர்ந்திருந்தாலும் சட்டப்படி அது ஈரநிலம். அங்கே மரம் வெட்டவோ மண் கொட்டவோ நினைத்தால், ஊரின் ஈரநில ஆணையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.