குறுவை வயல் படத்தில் பொன்னிறம் வரமாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. திருவையாறு பக்கம் எங்கள் ஊரில் குறுவை நெல் அறுப்புக்குத் தயாராக நிற்கிறது. புரட்டாசி மாலை வெயிலில் வயல் முழுக்கத் தங்கத்தை உருக்கி ஊற்றியதுபோல இருக்கிறது, ஆனால் படத்தில் வெளிறிய மஞ்சள்தான் வருகிறது.

கேமரா கேனான் 1500டி, கூடவே வந்த 18-55 லென்ஸ். கேமரா தானே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்தான் பொன்னிறத்தைத் தின்கிறது என்று ‘நிழல்’ அமைப்புக்கு மாற்றினேன். நிறம் ஓரளவு தேறியது. பெரிய தலைவலி வானம்தான். கதிருக்கு ஒளியளவு வைத்தால் மேற்கே வானம் வெள்ளைத்தாள் ஆகிவிடுகிறது. வானத்துக்கு வைத்தால் வயல் கருத்துவிடுகிறது. மூன்று ஒளியளவில் எடுத்துச் சேர்த்தும் பார்த்தேன். காற்றில் கதிர் ஆடுவதால் ஒவ்வொரு நெல்தாளும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது.

அடுத்து, வானத்தை மட்டும் மட்டுப்படுத்த, லென்ஸின் முன்னால் மாட்டும் பாதி கருத்த ஃபில்டர் வாங்கலாமா? இந்த லென்ஸில் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதியே சுற்றுகிறது, ஃபில்டரும் சேர்ந்து சுற்றுமே! ஃபோகஸை முடித்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் ஃபில்டரைத் திருப்பி வைத்தால் சரிவருமா? அல்லது வானத்துக்கு ஏற்ப ‘ரா’ (RAW, கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுத்து, வயலைப் பிறகு வெளிச்சமாக்குவதே போதுமா?

நல்ல வெளிச்சம் கிடைப்பது அரைமணி நேரம்கூட இல்லை, ஆறு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. அறுவடை இயந்திரம் நாளை மறுநாள் வருகிறதாம். அதன் பின்னால் வரும் கொக்குக் கூட்டத்தையும் எடுக்க ஆசை. அதற்குள் யாராவது சொல்லுங்கள்.