கூகூஷ் தெஹ்ரானில் மாட்டிக்கொண்டாரா, தானே போனாரா?

கேசட் காலம்:
இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஈரானில் 1979 இஸ்லாமியப் புரட்சி வெடித்தபோது அந்நாட்டுப் பாடகி கூகூஷ் தெஹ்ரானில் இருந்தார், தப்பிக்க வழியில்லை." படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அப்போது அவர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். அங்கிருந்து தானே திரும்பிப் போனார். தெரியாவிட்டால் எழுதாமல் இருக்கலாமே?

தென்றல்:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம் சார். திரும்பிப் போனதும் என்ன ஆச்சு? பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனியாகப் பாடத் தடை. 2000 வரை ஒரு மேடை கிடையாது. இது உங்கள் கண்ணில் படவே இல்லையா?

கேசட் காலம்:
பட்டது. ஆனால் தானே திரும்பிப் போனார். அதற்குப் பதில் சொல்லுங்கள். இன்னொரு ஈரானியப் பாடகி ஹாயிதே லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார் என்று போன மாதம் அடித்துச் சொன்னதும் நீங்கள்தானே? அவர் இறந்தது 1990 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோவில்.

வம்பு வாசு:
ஹாயிதே பேச்சு வந்ததால் கேட்கிறேன். அந்தக் கனத்த குரலுக்கு முன்னால் கூகூஷ் எல்லாம் எம்மாத்திரம்? 1978லேயே ஊரை விட்டுக் கிளம்பிய புத்திசாலி வேறு.

தென்றல்:
வாசு, நடுவில் புகுந்து குட்டையைக் குழப்பாதீர்கள். விவரம் புரியாத வயதிலேயே மேடையேறியவர் கூகூஷ். அப்பா சாபர் ஆதஷீன் கேளிக்கைக் கலைஞர். அவர் நிகழ்ச்சியில் பெரிய பாடகர்களைப் போலவே பாடிக்காட்டி அந்தச் சிறுமி கைதட்டல் வாங்கினாள். எழுபதுகளில் தெஹ்ரான் பெண்கள் அவரைப் பார்த்துத்தான் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். ஹாயிதேவைப் பார்த்து யார் முடி வெட்டினார்கள்?

வம்பு வாசு:
ஓகோ, பாட்டை முடி வெட்டி அளக்கிறீர்களா. சரிதான்.

கேசட் காலம்:
முடியெல்லாம் இருக்கட்டும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து தானே திரும்பிப் போனாரா இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று.

தென்றல்:
சொந்த ஊருக்குப் போனது குற்றமா?

கேசட் காலம்:
குற்றம் என்று நான் எங்கே சொன்னேன்? தானே போனார் என்கிறேன். அதனால்தான் எனக்கு அவர் மேல் மரியாதை. தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொண்ட பாவம் என்று எழுதி அந்தத் துணிச்சலை நீங்கள் அழிக்கிறீர்கள். 2000 ஜூலையில் டொராண்டோ மேடையில் அழுகையும் ஆரவாரமுமாக அவரை வரவேற்ற கூட்டத்துக்கு இது தெரியும். வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, பாருங்கள்.

தென்றல்:
இருபது வருஷத்துக்கு மேல் வாயைக் கட்டிப்போட்டதைப் பற்றி ஒரு வரி கிடையாது, துணிச்சல் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக. உங்கள் குரல் அடைபடவில்லை அல்லவா, எழுதலாம்.

கேசட் காலம்:
பதில் இல்லை என்றால் இப்படித்தான். பதிவை எப்போது திருத்துவீர்கள்?

தென்றல்:
திருத்த மாட்டேன்.

வம்பு வாசு:
யாராவது ஹாயிதே பாட்டு இருந்தால் போடுங்கள், இங்கே காது வலிக்கிறது.

கேசட் காலம்:
தானே போனார். நாளைக்கும் இதையேதான் கேட்பேன்.