கேம் கருவியை டிவியில் இணைக்க உதவி தேவை

மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். என் கையடக்க கேம் கருவியில் இருப்பது ஒரே ஒரு டைப்-சி போர்ட். அதில் ஹெச்டிஎம்ஐ அடாப்டரை மாட்டி டிவியோடு இணைத்தால் "சிக்னல் இல்லை" என்றே வந்தது.

எல்லா டைப்-சி போர்ட்டும் படத்தை அனுப்பாது, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோடு (டைப்-சி வழியாகப் படத்தை அனுப்பும் வசதி) வேண்டும் என்பது தெரியும். கையேட்டில் அது இருப்பதாகவே போட்டிருக்கிறது. தப்பு என்னுடையதுதான்: நடுவில் போட்டிருந்தது போனோடு வந்த யுஎஸ்பி 2.0 சார்ஜிங் கேபிள். அதில் படம் எங்கே போகும்!

சரி, கேபிளை மாற்றினேன். இப்போது நான்கைந்து நொடி படம் வருகிறது, அப்புறம் திரை கறுத்துவிடுகிறது. அடாப்டரின் இன்னொரு துளையில் 18 வாட் சார்ஜரைச் செருகினால் ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கிறது. 4கேயிலிருந்து 1080பி-க்கு இறக்கியும், டிவியில் வேறு ஹெச்டிஎம்ஐ துளைக்கு மாற்றியும் பார்த்துவிட்டேன். அதே கதை.

மின்சாரம் போதவில்லையா, அடாப்டரே சரியில்லையா? 45 வாட் சார்ஜர் வாங்கினால் தீருமா, இல்லை டாக் (கருவியை வைத்து டிவியோடு இணைக்கும் தாங்கி) வாங்குவதுதான் நல்லதா? இதே சிக்கலைச் சரிசெய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். படம் தாக்குப்பிடித்த அந்த ஒரு நிமிடத்தில், பட்டனை அழுத்திச் சற்று தாமதித்தே கேமில் ஆள் குதித்தான். டிவியில் கேம் மோடு போட்டால் அது குறையுமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.