மறைந்தவரின் கைபேசி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காட்பாடி மகள்

அப்பா ஏலகிரி எக்ஸ்பிரஸில் சீசன் டிக்கெட்டில் சென்னைக்கு வேலைக்குப் போய் வந்தவர். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலை நாலரைக்கு அலாரம். ஓய்வு பெற்ற பிறகும் அதை அவர் எடுக்கவில்லை. போன ஆடியில் மாரடைப்பு. காரியம் முடிந்து உறவினர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். கைபேசி மட்டும் நாலரைக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாதான் தினமும் அதற்குச் சார்ஜ் போடுகிறார். அலாரம் அடித்ததும் எழுந்து, அணைத்துவிட்டு, வெந்நீர் வைக்கிறார். யாருக்கு வெந்நீர் என்று நாங்கள் கேட்டதில்லை.

தம்பி பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, அம்மா ஒரு நாளாவது நன்றாகத் தூங்கட்டும் என்று இரவில் அந்த அலாரத்தை எடுத்துவிட்டான். மறுநாள் அம்மா அதே நேரத்துக்கு எழுந்துவிட்டார். கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தட்டி எழுப்பி, "உன் அப்பா ஏன் இன்றைக்கு எழுப்பவில்லை?" என்றார்.

அம்மாவுக்கு மறதி ஏதும் இல்லை. வீட்டுக் கணக்கு, வாடகை, ரேஷன் எல்லாம் அவர் கையில்தான். தெளிவாக இருக்கிற ஒருவர் தெளிவாகக் கேட்ட கேள்வி அது. அதனால்தான் அது என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேறு யார் வீட்டிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

குடியாத்தம் தம்பி

எங்கள் வீட்டில் கைபேசி அடங்கிவிட்டது, எண்தான் திரும்பி வந்தது. அக்கா போன பிறகு அவள் எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. செய்கிற நிலையில் யார் இருந்தார்கள்? பல மாதம் கழித்து வாட்ஸ்அப்பைத் திறக்கிறேன். 'அக்கா' என்ற பெயருக்கு நேராக, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறான். கீழே 'ஆன்லைன்' என்று இருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆயாவின் பொத்தான் கைபேசியில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் அக்காவுக்குப் போகும். அப்படிப் போட்டுக் கொடுத்தவளே அக்காதான். ஒரு மாலை ஆயா திண்ணையில் உட்கார்ந்து அதை அழுத்தியிருக்கிறார். ஒலிபெருக்கியில் தென்மாவட்டப் பேச்சில் ஒரு ஆண் குரல்: "யார் பேசுகிறீர்கள்?" ஆயா பதறவில்லை. "இது என் பேத்தியின் எண் அப்பா. அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு மணி அடித்தது" என்றார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டுவிட்டீர்களா பாட்டி?" என்று கேட்டான்.

அம்மா ஓடி வந்து கைபேசியைப் பிடுங்கி அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவும் ஆயாவும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா சொன்னது: "என் பெண்ணின் இடத்தில் யாரோ எப்படிப் பேசலாம்?" ஆயா சொன்னது: "அவன் என்ன செய்வான், கடையில் கொடுத்த எண்."

இருவர் சொன்னதும் சரிதான் என்று எனக்குப் படுகிறது. பெயரை இன்னும் அழிக்கவில்லை.

காந்தி ரோடு கைபேசிக் கடை

வேலூர் காந்தி ரோட்டில் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் வங்காளம் கொஞ்சமாவது பேசத் தெரியாமல் வியாபாரம் நடக்காது. விடுதிகளில் பாதிக்கு மேல் சிகிச்சைக்கு வந்த வங்காளக் குடும்பங்கள். ஒரு நாள் ஓர் அம்மாவும் ஏழெட்டு வயதுப் பையனும் வந்தார்கள். கணவர் முந்தின நாள் இறந்துவிட்டார். ஊருக்குச் சொல்ல வேண்டிய எண்கள் எல்லாம் அவர் கைபேசியில். அதில் கோலப் பூட்டு, விரலால் கோடு இழுத்துத் திறக்கிற பேட்டர்ன் லாக். ரீசெட் செய்தால் திறக்கும், ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று நான் அந்த அம்மாவுக்குப் புரியவைக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன். பையன் எட்டி என் கையிலிருந்து வாங்கி, விரலால் ஒரே இழுப்பு இழுத்தான். திறந்துகொண்டது. அப்பாவுக்குத் தெரியாமல் விளையாடுவதற்காக அவன் பார்த்து வைத்திருந்த கோலம். திறந்ததும் பாதியில் நின்ற விளையாட்டுதான் வந்தது. அவன் அதை மூடிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டான். அந்த மூடிய விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

சரி, மேலே எழுதிய இருவருக்கும், இனி படிப்பவர்களுக்கும் சில விஷயங்கள். கடையில் தினமும் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எண்ணை விட்டுவிடாதீர்கள். இணைப்பு துண்டிக்கப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு புது வாடிக்கையாளருக்குப் போகலாம். 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம் இது. குடியாத்தம் தம்பி வீட்டில் நடந்ததும் இதுதான். அந்தப் பையன் மீது குற்றமே இல்லை. எண் வேண்டும் என்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆதாரம், உங்கள் அடையாள அட்டை எல்லாம் கொண்டுபோய் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் சான்றிதழுக்கு அலைச்சல் இருக்காது.

வாட்ஸ்அப் கணக்கை 120 நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் பொதுவாக அது நீக்கப்பட்டுவிடும். கைபேசியிலேயே சேமிக்கப்பட்டது அங்கேயே இருக்கும், செயலியை அழிக்கும் வரை. ஆண்ட்ராய்டு கைபேசியில் குரல் செய்திகளுக்கு என்று தனிக் கோப்புறை இருக்கிறது; அதை அப்படியே ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். கூகுள் கணக்கை இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டால் நீக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, 2023 டிசம்பரிலிருந்து. உயிரோடு இருக்கும்போதே, நான் இல்லாவிட்டால் இன்னாருக்கு என் படங்களைக் கொடு என்று அதில் குறித்துவைக்கலாம். அந்த வசதி 2013 முதலே இருக்கிறது. ஆப்பிளில் 2021 கடைசியில் வந்தது.

இன்னொன்று. வங்கிக்கான ஓடிபி அந்த எண்ணுக்கு வருகிறது என்பதற்காக இறந்தவர் கணக்கிலிருந்து நீங்களே பணத்தை மாற்றாதீர்கள். நாமினி, வாரிசு என்று முறையாகக் கேளுங்கள். இதில் உடன்பிறந்தவர்கள் பகையாகிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

காட்பாடி மகள்

நன்றி அண்ணா. நான் கேட்டது இது இல்லை. ஆனால் பூட்டைத் திறந்த அந்தப் பையனைப் பற்றி எழுதினீர்களே, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

வாலாஜா ஓய்வு பெற்ற ஆசிரியை

கடைக்காரத் தம்பி எல்லாவற்றையும் எடுத்துவை, எடுத்துவை என்கிறார். எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் கணவரின் முதல் வருடத் திதி. படையலுக்கு வடை தட்டிக்கொண்டிருக்கிறேன். அடுப்பு மேடையில் இருந்த என் கைபேசி, 'கடந்த வருடம் இதே நாளில்' என்று தானாகவே படங்களைக் கோத்துக் காட்டியது. உற்சாகமான இசை வேறு. படங்கள் என்ன தெரியுமா? மருமகளுக்கு அனுப்புவதற்காக நான் எடுத்து வைத்த ரத்தப் பரிசோதனைத் தாள், அவர் கையில் ஊசி ஏறியிருந்த இடத்து வீக்கம், கடைசியாக ஆக்சிஜன் முகமூடியோடு அவர். ஒவ்வொரு படமும் மெதுவாகப் பெரிதாகி மறைந்தது, கல்யாண வீடியோவில் செய்வார்களே, அப்படி. வடை கருகிவிட்டது. அந்த இசை இப்போது எங்கே கேட்டாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நம் பெரியவர்கள் இறந்தவருக்கு என்று நாள் வைத்தார்கள். காரியம், மாதப் படையல், திதி, அமாவாசை. அந்த நாளில் கூப்பிட்டுச் சோறு போட்டு, மறுபடி அனுப்பிவைப்பது. மற்ற நாளில் நாம் நம் வேலையைப் பார்க்க வேண்டும். மாலை போட்ட ஒரே படம் சுவரில் போதுமானதாக இருந்தது. கைபேசிக்கு நாளும் தெரியாது, கிழமையும் தெரியாது. காட்பாடி மகளே, உங்கள் தம்பி செய்ததில் தவறு இல்லை. அம்மாவைத் தினமும் நாலரைக்கு எழுப்ப இனி யாரும் இல்லை என்பது அம்மாவுக்கு எப்போதாவது தெரிய வேண்டாமா?

உயிரோடு இருப்பவர்களையும் இது விடவில்லை. எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் நான் அதைச் சொல்வேன். தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சொன்னபடி, சில நிமிடம் முகத்தை அசைக்காமல் குழந்தையைப் பார்த்தபடி இருக்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சோதனைக்கூடம் வேண்டியிருந்தது. இன்றைக்குப் பஸ்ஸில் ஏறினால் போதும். மடியில் குழந்தை, அம்மாவின் முகம் திரைக்குள். இளம் தாய்மார்களே, பால் கொடுக்கும்போதாவது, சோறு ஊட்டும்போதாவது கைபேசியை வேறு அறையில் வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கம்மவான்பேட்டை மருமகள்

ஆசிரியை அம்மா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன், வேறு அறையில் வைக்க எங்களால் முடியாது. எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்பார்கள். என் கணவர் எல்லையில் இருக்கிறார். பையனுக்கு அவர் முகம் தெரிந்ததே திரையில்தான். சோறு ஊட்டுவதே அவர் அழைக்கும் நேரத்தில்தான்; அவர் அங்கிருந்து வாயைத் திறந்து காட்டினால் இவன் இங்கே திறப்பான். நீங்கள் சொன்ன அசையாத முகம் எங்கள் வீட்டிலும் உண்டு. அங்கே சிக்னல் போனால் அவர் முகம் பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றுவிடும். பையன் விரலால் தட்டிப் பார்ப்பான். பிறகு, "அப்பாவுக்கு நெட் போய்விட்டது" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான்.

விடுமுறையில் வந்தார். இரண்டு நாள் ரயில் களைப்பு. கட்டிலில் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார். பையன் அருகில் போய் அவர் நெற்றியை ஒரு விரலால் தட்டினான். கன்னத்தைத் தட்டினான். அவர் அசையவில்லை. கூடத்துக்கு வந்து எல்லார் முன்னாலும், "பாட்டி, அப்பாவுக்கு நெட் போய்விட்டது" என்றான். மாமியார் கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி, மகனின் மார்பில் கை வைத்துப் பார்த்தார். அவர் திடுக்கிட்டு எழுந்து, "என்ன அம்மா?" என்கிறார். அத்தைக்குப் பேச்சு வரவில்லை. அன்று மாலை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். எனக்கு அந்த வாக்கியம் காதை விட்டுப் போகவில்லை. இப்போது வீடியோவில் அவர் முகம் நிற்கும்போதெல்லாம் அத்தை எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

ஆனாலும் கைபேசி வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அத்தை கல்யாணம் ஆகி வந்த காலத்தில் மாமாவின் கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். தந்திச் சேவகர் சைக்கிளில் தெருவுக்குள் நுழைந்தால் எந்த வீட்டு வாசலில் இறங்குவாரோ என்று பெண்கள் எல்லாரும் நின்றுவிடுவார்களாம். அந்தத் தந்தியும் 2013-ல் முடிந்துபோனது. வேலூர் கடைத்தெரு மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்: இங்கிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. அந்த 14 பேரின் குரல் எந்த வீட்டிலாவது இருக்கிறதா? பெயர்கூட அந்தக் கல்லில் இல்லை. மாலை போட்ட ஒரே படம் போதும் என்கிறீர்கள். அந்த ஒரே படமும் இல்லாத வீடுகள் அவை. என் கணவரின் ஒவ்வொரு குரல் செய்தியையும் நான் சேர்த்துவைக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

வாலாஜா ஓய்வு பெற்ற ஆசிரியை

அம்மா, உன்னைச் சொல்லவில்லை. உன் வீட்டுக்கு அது வேண்டும். பையனும் அவன் அப்பாவும் நன்றாக இருக்கட்டும். ஆனால் தானாக இசை போட்டுக் காட்டுவதை மட்டும் நிறுத்திவை.

ராணிப்பேட்டை நடுப்பிள்ளை

கடைக்காரர் சொன்னபடி குரல் செய்திகளைப் பென் டிரைவில் எடுத்துவைத்தவர்கள் நாங்கள். அதனால் வந்ததைச் சொல்கிறேன்.

நிலத்தைப் பிரிப்பதில் சிக்கல் வரவில்லை. அப்பாவின் கைபேசி யாருக்கு என்பதில்தான் வந்தது. தங்கைதான் கடைசி வரை பார்த்துக்கொண்டாள், கருவி அவளுக்கு. அண்ணனுக்கும் எனக்கும் பிரதி என்று முடிவாயிற்று. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பவர், அதனால் எல்லாமே குரல்தான். பெரும்பாலும் தங்கைக்கு அனுப்பியவை. "திருப்பத்தூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். இலவம்பாடி முள் கத்தரிக்காய். காம்பைப் பிடிக்கும்போது பார்த்துப் பிடி, குத்தும்" என்று ஒன்று. இருமலோடு முடியும். எனக்கு அனுப்பியவை சில உண்டு, மோட்டார் ரிப்பேர் பற்றி.

அண்ணன் மடிக்கணினியில் பென் டிரைவைச் செருகி, இரவெல்லாம் வரிசையாகக் கேட்டிருக்கிறார். காலையில் கண்கள் சிவந்திருந்தன. "எனக்கு ஒன்றுகூட இல்லை" என்றார். உண்மைதான். அண்ணனிடம் அப்பா நேராக அழைத்துத்தான் பேசுவார். அழைத்தால் அரை நிமிடம், விஷயம், வைத்துவிடுவார். அவர்களுக்குள் அதுதான் நெருக்கம். அரை நிமிட அழைப்பு எந்தக் கோப்புறையிலும் மிஞ்சுவதில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்று முதல் தங்கையிடம் பேச்சைக் குறைத்துவிட்டார். அவள் என்ன செய்வாள்?

"கருவியில் இன்னும் ஏதாவது இருக்கும், என் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று கேட்டுச் சொல்" என்று என்னிடம்தான் வேலை கொடுத்தார். தங்கை தன் கைபேசியையும் கொடுத்தாள். கேட்டேன். அண்ணன் பெயர் ஓர் இடத்தில் வருகிறது. தங்கையின் மகள் படிப்புக்குப் பணம் புரட்டிய சமயம். "பெரியவனிடம் கேட்காதே. கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான், வட்டிக்கு வாங்கியாவது கொடுப்பான். அவனுக்கே கழுத்து வரைக்கும் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

அப்பா அவரை எவ்வளவு அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால், தன் கடன் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, தங்கைக்கும் தெரியும் என்பது அண்ணனுக்குத் தாங்காது, தன்மானக்காரர். தங்கை கேட்கவைக்கலாம் என்கிறாள். என் மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருகிறார். உங்களில் யாராவது இப்படி ஒன்றைக் கேட்கவைத்தது உண்டா? கேட்டவர் என்ன சொன்னார்?