அக்காவுக்குப் படபடப்பு: குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

அக்கா: யாராவது முழித்திருக்கிறீர்களா? மறுபடியும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. போன வாரம் மாதிரியேதான்.

அம்மா: எதையாவது நினைத்துக்கொண்டே படுத்திருப்பாய். தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கு.

மாமா: (பலமுறை பகிரப்பட்டது) தனியாக இருக்கும்போது மாரடைப்பா? விடாமல் இருமுங்கள், உயிர் பிழைக்கலாம்!!

சித்தி: அண்ணா, அதை அழித்துவிடுங்கள். இருமினால் மாரடைப்பு நிற்காது. அந்த நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

சித்தி: கண்ணு, வலி இருக்கிறதா? நெஞ்சை அழுத்துகிற மாதிரி, கை, தாடை, முதுகுக்குப் பரவுகிற மாதிரி?

அக்கா: வலி இல்லை சித்தி. மூச்சு பத்தவில்லை. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துகிற மாதிரி. செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி: வாட்ச் என்ன காட்டுகிறது?

அக்கா: 118

சித்தி: சரி, வாட்சைக் கழற்றி வை. நிமிர்ந்து உட்கார். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

மாமா: பேப்பர் பையில் மூச்சு விடச் சொல்லு.

சித்தி: அதுவும் வேண்டாம் அண்ணா. நிஜமாகவே இதயமோ ஆஸ்துமாவோ என்றால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

அக்கா: இப்போது பரவாயில்லை. கை மரத்தது விட்டுவிட்டது.

அம்மா: நான்தான் சொன்னேனே, எல்லாம் மனப்பிரமை. போன வாரமே ஈசிஜி நார்மல்.

சித்தி: பிரமை இல்லை அக்கா. பயத்தில் அட்ரினலின் சுரந்தால் இதயம் உண்மையிலேயே வேகமாகத்தான் அடிக்கும். வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும், விரல் மரத்தது அதனால்தான். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று வருகிற கடும் பயம், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தணிந்துவிடும்.

நான்: அப்படியானால் இது பதற்றம்தானா?

சித்தி: போனில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படபடப்பு அடங்கின பிறகு எடுத்த ஈசிஜி நார்மலாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? எஸ்விடி என்று ஒரு இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறது, சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று தொடங்கும், சட்டென்று நிற்கும், துடிப்பு பெரும்பாலும் 150க்கு மேலே போகும். அதையும் டென்ஷன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், முக்கியமாகப் பெண்களை. எனக்கு எரிச்சல் வருகிற விஷயம் இது.

அக்கா: எனக்கு மெல்ல மெல்லத்தான் ஏறுகிறது. படி ஏறும்போது ஒன்றும் இல்லை, படுத்தால்தான்.

சித்தி: நடக்கும்போது வந்து, நின்றால் அடங்குகிற நெஞ்சு வலிதான் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வைக்கும். உனக்கு அப்படி இல்லை, நல்லது. அதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது.

மாமா: ஆளே இளைத்துப்போய்விட்டாள். போன தடவை பார்த்தபோதே நினைத்தேன்.

அக்கா: வழக்கம்போலத்தான் சாப்பிடுகிறேன் மாமா. ஆனால் நாலு கிலோ குறைந்திருக்கிறது.

சித்தி: இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?! கையை நீட்டி விரல்மேல் ஒரு தாளை வை.

அக்கா: தாள் ஓரம் நடுங்குகிறது சித்தி.

சித்தி: அப்படியானால் முதலில் தைராய்டு. அது அதிகமாகச் சுரந்தாலும் சாப்பிட்டும் இளைப்பது, விரல் நடுக்கம், இதே படபடப்பு, இதே தூக்கமின்மை, இதே பயம். டாக்டரைப் பார், டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் கேள். தேவைப்பட்டால் 24 மணி நேர ஹோல்டர், அதாவது உடம்பிலேயே மாட்டி விடுகிற ஈசிஜி கருவி, போடுவார்கள். எல்லாம் சரியாக வந்தால் மனநல மருத்துவர், அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. நடுவில் நெஞ்சு அழுத்தமோ மயக்கமோ வந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதே, நேராக எமர்ஜென்சிக்குப் போ.

அம்மா: வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

சித்தி: டிஎஸ்எச்சுக்குத் தேவையில்லை. ஆனால் கண்ணு, முடி கொட்டுகிறதென்று பயோட்டின் வைட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டும்.

அக்கா: ஆமாம், இன்று காலையில்கூட 😬

சித்தி: நிறுத்து. ரெண்டு மூன்று நாள் விட்டு ரத்தம் கொடு. டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடு.